திரும்பத் திரும்ப உள்ளே வருகிற பெண்கள்

சட்ட உதவித் தன்னார்வலராகப் பெண்கள் சிறைக்குப் போய்வருகிறேன். மனு எழுதிக் கொடுப்பது, ஜாமீன் போட ஆள் தேடச் சொல்லி வீட்டுக்குத் தகவல் சொல்வது, இப்படிப்பட்ட வேலைகள். அங்கே என்னை அதிகம் உலுக்கியவர்கள் சாராயம், கஞ்சா, திருட்டு என்று வெளியே போன சில மாதத்திலேயே திரும்பி வருகிற பெண்கள்தான்.

ஒரு அம்மா, கணவர் குடித்தே இறந்ததும் அவர் விற்ற சரக்கையே விற்கத் தொடங்கியவர். "விட்டுட்டேன்னு சொன்னா யாரு நம்புறா?" என்றார். திருவிழா, தேர்தல் என்றால் போலீஸ்காரர்கள் பழைய கேஸ் பட்டியலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். ஒருமுறை குண்டாஸும் (குண்டர் தடுப்புச் சட்டம்) போட்டார்கள். 1982-இல் வந்த அந்தச் சட்டத்தில் கள்ளச்சாராயம் விற்பவர்களும் அடக்கம். வழக்கு விசாரணை முடியாமலேயே ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அதற்குள் வாடகை வீடு போய், மகளின் பத்தாம் வகுப்பும் பாதியில் நின்றுவிட்டது. வெளியே வந்தவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தது பழைய சரக்கு வியாபாரி மட்டும்தான். சொல்லுங்கள், அவர் எங்கே போவார்?

2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் ஜாமீன் உண்டு (ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்கு தவிர). ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் அது கிடையாது. புழலில் 2023-இல் கைதிப் பெண்களே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள், நல்ல விஷயம், ஆனால் அது தண்டனைக் கைதிகளுக்கு. ரிமாண்டில் (விசாரணைக் காவலில்) வந்து வந்து போகிறவர்கள் எந்தத் தொழிலும் கற்காமலேயே வெளியேறுகிறார்கள்.

இன்னொருத்தி சின்னப் பெண், கஞ்சா வழக்கு. ஆறு வயது வரைதான் பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம், இவள் மகனுக்கு அடுத்த வருடம் ஆறு முடிகிறது. அதற்குள் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்து, அவனை அங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டுமாம். அங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்பதையே பெரிய வசதியாகச் சொன்னாள். இப்போது ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் தினமும் காலையில் உள்ளூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன். அப்புறம் எப்படித் திருப்பூர் போவது? நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு இலவச வக்கீல் மூலம் மனு போட்டிருக்கிறோம். (பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை.)

குழந்தையோடு தங்க இடம் கொடுக்கிற கம்பெனி அந்தப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். தையல் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார் என்கிறாள்.