புதுப்பிப்பு: ஸ்கிரேப்பர் தகடு ஒருவழியாகச் சுருள் விடுகிறது

மரப்பரப்பை மெல்லிசாகச் சீவி மழமழப்பாக்கப் பழைய கைவாளில் வெட்டிய ஸ்கிரேப்பர் தகடு, முதிரைப் பலகையில் சுருளாகச் சீவாமல் வெறும் தூள்தான் தள்ளுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பிழை என்னுடையதுதான்.

விளிம்பை 90 பாகைக்கு அரத்தால் ராவியது சரி. ஆனால் அரத்தின் கீறல்களைத் தீட்டுக்கல்லில் போக்காமலே விட்டிருந்தேன். மரத்தைச் சீவுவது விளிம்பில் மடித்தெடுக்கும் நுண்ணிய கொக்கிதான்; அப்படி மடிக்க எடுத்த ஸ்குரூட்ரைவரோ தகட்டைவிட மென்மை. தகடு மடியவில்லை, ஸ்குரூட்ரைவரில்தான் கோடு விழுந்தது! உப்புவெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் கழித்துப்போட்ட எஞ்சின் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதன் தண்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். முதலில் தகட்டின் முகத்தில் படுக்கவைத்து நாலைந்து இழுப்பு, அப்புறம் விளிம்பில் 5 பாகை அளவு சரித்து இரண்டே இழுப்பு. முகத்திலிருந்து வெளிப்பக்கமாக நகத்தை ஓட்டினால் கொக்கி தட்டுகிறது.

இப்போது வெங்காயத் தோல் மாதிரிச் சுருள் வருகிறது. பெருவிரல்தான் சுடுகிறது, டியூப் ரப்பர் சுற்றிக்கொண்டேன்.

கிண்ணத்தின் உட்புறத்துக்கு வளைந்த தகடு கேட்டவருக்கு: கிரைண்டரில் வளைவாகத் தேய்த்தபோது சூடேறி ஓரம் நீலமாகிவிட்டது. அந்த இடம் கடினம் இழந்ததால் ராவி எறிந்தேன். சூடேறாமல் இருக்க அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுங்கள். கடற்காற்றுக்குத் துரு வேறு. எண்ணெய்த் துணியில்தான் சுற்றி வைக்கிறேன்.