ஐ.ஆர்.ஏ. காசை எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் வரி வருமா?

வாவிக்கரை:
வணக்கம். நியூ ஜேர்சியில் 31 வருடம் தாதியாக வேலை செய்துவிட்டு, இப்போது மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்த வீட்டிலேயே இருக்கிறேன். வயது 74. அமெரிக்கக் குடியுரிமை இருப்பதால் எங்கே இருந்தாலும் அங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டும். போன டிசம்பர் முடிவில் ஐ.ஆர்.ஏ. என்ற என் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் 204,000 டொலர் இருந்தது.

வருடா வருடம் கட்டாயம் எடுக்கச் சொல்லும் காசு, ஆர்.எம்.டி., எனக்குத் தேவையில்லை. மீனுக்கும் மருந்துக்கும் அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம், சோஷல் செக்யூரிட்டியே போதும். போன வருடம் அதை என் வங்கிக் கணக்குக்கு எடுத்து, நான் படித்த பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுத்தேன். வெள்ளத்தில் அலுமாரியோடு புத்தகங்கள் ஊறிக் கிடந்தன. மறுகா பார்த்தால், முழுவதும் என் வருமானமாம், வரி கட்டு என்கிறார்கள். வரியில்லாமல் கொடுக்க வழி உண்டென்று சிநேகிதி ஒருத்தி சொல்கிறா. உண்மையா?

காரைதீவுக் கணக்கு:
உண்மைதான் அக்கா. கியூ.சி.டி. என்பார்கள். 2006இல் வந்தது, 2015இல் நிரந்தரமானது. எழுபதரை வயது தாண்டியிருக்க வேண்டும். காசு உங்கள் கணக்கைத் தொடாமல், ஐ.ஆர்.ஏ. வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நேரே தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். போன வருடம் நீங்கள் தவறியது அங்கேதான்.

போன டிசம்பர் முடிவில் இருந்த தொகையை உங்கள் வயதுக்குரிய 25.5ஆல் பிரித்தால் இந்த வருட ஆர்.எம்.டி. 8,000 டொலர். அவ்வளவையும் இப்படிக் கொடுக்கலாம், 2025இல் 108,000 வரை இடமிருந்தது. வருமானத்திலேயே சேராது என்பதால் சோஷல் செக்யூரிட்டியில் வரி விழும் பங்கும் குறையலாம். நன்கொடைக்கான வரிக் கழிவாக இன்னொரு தடவை காட்ட முடியாது. வேலையிடத்து ஓய்வுகாலச் சேமிப்பான 401 கே கணக்கிலிருந்து செய்ய முடியாது, முதலில் ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்ற வேண்டும்.

சிக்கல் பள்ளிக்கூடம்தான். பெறுவது அமெரிக்காவில் பதிந்த தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும்.

மேரிலாந்து மட்டக்களப்பான்:
நான் சூடு கண்டவன், அக்கா. ஜனவரியிலேயே ஆர்.எம்.டி.யை எடுத்துச் செலவழித்துவிட்டு, நவம்பரில் கியூ.சி.டி. செய்தேன். முதலில் வெளியே வந்த காசுதான் ஆர்.எம்.டி.யாகக் கணக்காகும், அதன் வரி போனது போனதுதான். ஆகவே கொடுப்பதை முதலில் கொடுங்கள்.

இலங்கைப் பள்ளிக்கூடங்களுக்கு உதவும் அமெரிக்க அமைப்புகள் உண்டு. ஆனால் 'இந்தக் காசு இன்ன பள்ளிக்கூடத்துக்கே' என்று கட்டிக் கொடுக்க முடியாது. உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு அவர்கள் கையில். அவர்கள் வெறும் தபால்காரராக இருந்தால் அது செல்லாது. அமைப்பின் இராப்போசன விருந்துக்கு இந்தக் காசில் சீட்டு வாங்கிவிடாதீர்கள், அதுவும் கெடுக்கும். வரிப் பத்திரம் கொடுக்குமுன் அவர்களிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

வாவிக்கரை:
சரி தம்பி. இந்த வருட ஆர்.எம்.டி. இன்னும் எடுக்கவில்லை, நல்ல காலம். ஐ.ஆர்.ஏ. கணக்கின் செக் புத்தகம் கையில் இருக்கிறது. இங்கிருந்து தபாலில் போட்டால் சரியா?

காரைதீவுக் கணக்கு:
வேண்டாம் அக்கா. அந்தச் செக் டிசம்பர் 31க்குள் காசாக வேண்டும். ஆரையம்பதித் தபாலை நம்பி 8,000 டொலரை விடாதீர்கள். ஐ.ஆர்.ஏ. நிறுவனத்துக்கே போன் எடுத்து, அந்தத் தொண்டு அமைப்பின் பெயருக்கு அவர்களையே செக் அனுப்பச் சொல்லுங்கள். வரிப் பிடித்தம் வேண்டாமென்றும் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
இன்றிரவு எடுக்கிறேன், அங்கே அப்போதுதான் விடியும். பள்ளிக்கூட அதிபரிடம் தொகை எதுவும் இப்போது சொல்லப் போவதில்லை.