யார்க் நகரத்து வண்டி நாடகங்கள்: நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் யார்க் நகரில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாளன்று நடந்த பைபிள் நாடகங்களைப் பற்றி எங்கள் நாடகக் குழுவில் பேச வேண்டியிருக்கிறது. வரலாறு ஓரளவு கிடைத்துவிட்டது. 1376-லேயே நாடக வண்டிகளை, அதாவது தெருத்தெருவாக இழுத்துச் சென்ற சக்கர மேடைகளை, பற்றிய குறிப்பு உண்டு. கடைசியாக நடந்தது 1569-இல். அதிகாலை நாலரை மணிக்கே நடிகர்கள் தயாராக வேண்டும். உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை ஒவ்வொரு கதையும் ஒரு கில்டின் (ஒரே தொழில் செய்பவர்களின் சங்கம்) பொறுப்பு. நோவாவின் பேழையைக் கட்டும் கதை கப்பல் கட்டுபவர்களுக்கு, சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்பவர்களுக்கு! யாரோ குறும்புக்காரர்தான் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இறுதித் தீர்ப்பு துணி வணிகர்களுடையது. அவர்களின் 1433-ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் நரகத்தின் வாசலாகக் காட்டும் வாய், மேகங்கள், கயிற்றை இழுத்தால் ஓடும் தேவதைப் பொம்மைகள், கடவுள் அமர்ந்து மேலே போக இரும்பு இருக்கை எல்லாம் இருக்கின்றன. சரி, இவ்வளவையும் சுமந்த வண்டி குறுகலான தெருவில் எந்தப் பக்கமாகப் பார்வையாளர்களை நோக்கி நின்றது? பக்கவாட்டிலா, முனையிலா? ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

இப்போதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே வண்டிகளில் இவற்றை நடத்துகிறார்கள். பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வசனம் பின்வரிசை வரை கேட்டதா? வண்டியை விட்டிறங்கித் தெருவிலும் நடித்தார்களா? மேடையமைப்பு தெரியும்படி புகைப்படம் இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.