மறு: [கலைச்சொல்] வைன், புரோட்டான் வகையறாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளில் மடல்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிக்கலாகிவிடும், அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: விண்டோஸ் மாதிரி இன்னோர் இயங்குதளமான லினக்ஸில் வீடியோ கேம் ஆடுவது பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோசுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கும் வைன், புரோட்டான் போன்ற மென்பொருள்களுக்குப் பொதுப்பெயர் வேண்டும். அதில்தான் சிக்கி நிற்கிறேன்.

> எமுலேட்டர் என்றே எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். போன வருடம் ஒரு கல்லூரியில் லினக்ஸ் நிறுவும் நிகழ்ச்சிக்காக நான் எழுதிய குறிப்புத்தாளில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். ஒரு மாணவர் அதை அப்படியே தேடி, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு, "அண்ணா, இதுல எக்ஸ்இ ஃபைலை எங்க போடுறது?" என்று வந்து நின்றார். அவர்மேல் குற்றமே இல்லை. தாளில் இருந்ததைத்தான் செய்தார்.

எமுலேட்டர் வேறு ஜாதி. பழைய கேம் பாய் விளையாட்டைக் கணினியில் ஆடுகிறோம் என்றால், கேம் பாயின் செயலி (புராசசர்) வேறு, நம்முடையது வேறு. அந்தச் செயலி செய்வது ஒவ்வொன்றையும் மென்பொருள் நடித்துக் காட்ட வேண்டும். வைனில் அந்த வேலை கிடையாது. விண்டோஸ் விளையாட்டும் நம் லினக்ஸ் கணினியும் ஒரே எக்ஸ்86 செயலிக்கானவை. விளையாட்டின் கட்டளைகள் நேராகச் செயலியில் ஓடுகின்றன. "கோப்பைத் திற", "சன்னலை வரை", "ஒலியை எழுப்பு" என்று இயங்குதளத்திடம் அது ஏதாவது கேட்கும்போதுதான் வைன் குறுக்கே வருகிறது. திட்டம் 1993இல் தொடங்கியபோது 'விண்டோஸ் எமுலேட்டர்' என்பதன் சுருக்கமாகவும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிறகு 'வைன் ஓர் எமுலேட்டர் அன்று' என்பதே பெயரின் விரிவு என்று ஆயிற்று. பெற்றவர்களே "இது அது இல்லை" என்று பெயரில் எழுதி ஒட்டியிருக்கும்போது நாம் அதே பெயரை வைப்பது நியாயமா?

> போன்மி? போலி?

இரண்டும் மேலே சொன்ன காரணத்தாலேயே அடிபடுகின்றன. தவிர, போன்மியை மீமுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போலி... இலக்கணத்தில் அது மதிப்பான சொல்தான். ஆனால் 'போலி மென்பொருளை நிறுவுங்கள்' என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

> இணக்க அடுக்கு. நேரடியான மொழிபெயர்ப்பு, சண்டை இல்லை.

உண்மை, சண்டை இல்லை. நானும் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையேட்டில் நாலு பக்கம் எழுதிப் பார்த்தபோதுதான் நெருடியது. 'இணக்க அடுக்கின் அமைப்புகள்', 'வேறோர் இணக்க அடுக்குக்கு மாற்றிப் பாருங்கள்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கனத்துக்கொண்டே போகிறது. 'அடுக்கு' என்றதும் கம்பளிமேல் கம்பளி போர்த்திய மாதிரி, விளையாட்டு மெதுவாகத்தான் ஓடும் என்ற எண்ணமும் வருகிறது. சில விளையாட்டுகள் இதன்வழியே ஓடும்போதும் விண்டோசில் கிடைக்கும் வேகத்தை எட்டிவிடுகின்றன. சுருக்கி 'இணக்கி' என்று வைக்கலாமே என்றார் ஒருவர். அழகான சொல், ஆனால் மோடத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். தவிர, டிரைவருக்கு 'இயக்கி' இருக்கிறது. 'இயக்கியைப் புதுப்பித்துவிட்டு இணக்கியை மாற்றுங்கள்' என்று எழுதினால் எனக்கே கண் கட்டுகிறது.

> துபாஷி!

இதை முன்வைத்தவனே நான்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஒன்று சொல்ல, ஊர்க்காரர் ஒன்று சொல்ல, இருமொழி தெரிந்த துபாஷியாக நடுவில் நின்று இருவர் பேச்சையும் நடத்திக்கொடுத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. இருவருமே தத்தம் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. வைன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த நடுவர் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். விளையாட்டு, "சி டிரைவில் சேவ்ஸ் என்ற அடைவில் இருக்கும் கோப்பைத் திற" என்று கேட்கிறது. லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்றே கிடையாது. வைன் அந்தக் கேள்வியை வாங்கி, உங்கள் வீட்டு அடைவுக்குள் தான் ஒளித்து வைத்திருக்கும் 'டிரைவ்_சி' என்ற சாதாரண அடைவுக்குப் போகிறது. பின்சாய்கோட்டை முன்சாய்கோடாக்குகிறது. அங்கேயும் வேலை முடியவில்லை. விண்டோசுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, லினக்சுக்கு வேறு வேறு. அதனால் விளையாட்டு கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால், அடைவில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுத்தளவில் மட்டும் மாறுபடுவதைக் கண்டுபிடித்துத் திறந்து கொடுக்கிறது. விளையாட்டுக்கு இது எதுவும் தெரியாது. சி டிரைவில் இருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்கிறது.

சரி, துபாஷியை ஏன் கைவிட்டேன்? இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ 'மொழிபெயர்ப்பு மென்பொருள்' என்றுதான் தோன்றும், ஆங்கிலப் பத்தியைப் போட்டால் தமிழில் தரும் கருவி மாதிரி. வேற்றுமொழிச் சொல் என்று இருவர் சொன்ன ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, விளையாட்டுகளை வாங்கி நிறுவும் மென்பொருளைக் கையேடு முழுக்க 'ஸ்டீம்' என்று எழுதுகிறவன் அதைப் பேசக் கூடாது.

இப்போது என் புது முன்மொழிவு: உடம்படுத்தி.

சிரிக்காதீர்கள், உடம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பள்ளியில் படித்த உடம்படுமெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். மணி + அடித்தது. இரண்டு உயிரொலிகள் நேருக்கு நேர் மோதுகின்றன, ஒட்டவில்லை. நடுவில் ஒரு 'ய்' வந்து உட்கார்ந்ததும் மணியடித்தது. பூ + அழகு என்றால் 'வ்' வந்து பூவழகு. இதில் எனக்குப் பிடித்தது, வந்த மெய் இரண்டு பக்கத்தையும் தொடவே இல்லை என்பது. மணி மணியாகவே இருக்கிறது, அடித்தது அடித்ததாகவே இருக்கிறது. எந்த இடத்தில் எந்த மெய் என்பது மட்டும் பக்கத்தில் இருக்கும் ஒலியைப் பொறுத்தது: இ, ஈ, ஐக்குப் பின் ய், மற்றவற்றுக்கு வ், ஏ என்றால் இரண்டும் வரலாம்.

புரோட்டானைத் திறந்து பார்த்தால் இதே கதை. 2018 ஆகஸ்டில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அதை வெளியிட்டது. உள்ளே இருப்பது ஒரே பொருள் அல்ல. அடிப்படை வைன். விளையாட்டு விண்டோசின் வரைகலை முறையான டைரக்ட்3டி 11இல் படம் வரையச் சொன்னால் அதை லினக்ஸில் ஓடும் வரைகலை முறையான வல்கனுக்கு மாற்றிக் கொடுக்க டிஎக்ஸ்விகே. டைரக்ட்3டி 12 என்றால் விகேடி3டி-புரோட்டான். முன்னால் நிற்பது எதுவோ அதற்கேற்ற மெய். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியில் இருப்பதும் லினக்ஸ்தான். அதில் விண்டோஸ் விளையாட்டுகளை ஆடுகிறவர்களில் பலருக்கு நடுவில் புரோட்டான் உட்கார்ந்திருப்பதே தெரியாது.

ஒப்புமையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் மற்றவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. லினக்ஸில் நேராகவே ஓடும்படி எழுதப்பட்ட சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரி விளையாட்டு, எதுவும் சேர்க்காமல் ஒட்டுவது: இயல்பு புணர்ச்சி. ஆப்பிள் 2020இல் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது கொண்டுவந்த ரொசெட்டா 2, எக்ஸ்86 கட்டளைகளையே ஆர்ம் என்ற வேறு வகைச் செயலியின் கட்டளைகளாக மாற்றி எழுதுகிறது. பொன் + குடம் = பொற்குடம். அது திரிதல். உடம்படுத்தியும் திரிப்பியும் எமுலேட்டரும் வேறு வேறு என்று இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கெடுதலுக்கு எடுத்துக்காட்டு கேட்பீர்கள். இணைய ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் இருக்கவே இருக்கிறது! ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இலேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டையும் செய்தவர்தான் அதைத் திறந்துவிட வேண்டும். சிலர் திறக்கவே இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்து வைத்திருந்து 2024இல் லினக்ஸை மூடிவிட்டது.

இந்த வேரில் ஒரு குடும்பமே கிடைக்கிறது என்பது கூடுதல் வசதி. 'இந்த விளையாட்டு புரோட்டானில் உடம்படுகிறது', 'அது உடம்படாது', 'உடம்பாட்டு நிலை: நன்று'. உடம்பாடு நான் கட்டிய சொல் இல்லை, குறளில் உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. உடம்பாடு இல்லாதவரோடு வாழ்வது குடிசைக்குள் பாம்போடு வாழ்வது போல என்கிறது. வைன் 1.0 வெளிவரப் பதினைந்து வருடம், 2008 வரை, ஆயிற்று. அதற்கு முன்னால் அதில் விளையாடிப் பார்த்தவர்களுக்குப் பாம்பு நன்றாகவே புரியும்.

குறைகளைச் சொல்லுங்கள்.

――――

மறு: மறு: [கலைச்சொல்] வைன், புரோட்டான் வகையறாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தம்பி, மடல் கண்டேன். முப்பது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, பையன்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். உடம்படுமெய் நடத்திய ஒவ்வொரு வருடமும் பின்பெஞ்சில் ஒருவன் உடம்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறான். அந்த வருடம் அவன் அந்த விதியை மட்டும் மறந்ததில்லை. எனவே அது குறை என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு, இயல்பு, திரிதல் ஒப்புமையைக் கையேட்டில் ஒரு பெட்டிச் செய்தியாக மட்டும் போடுங்கள். உடம்படுமெய்யும் தோன்றல் விகாரத்துக்குள்தான் வரும் என்று என்னைப் போல் ஒரு கிழவன் கண்டிப்பாக மடல் போடுவான். கெடுதலை எடுத்துவிடுங்கள், அது சிலேடை, ஒப்புமை இல்லை.

――――

மறு: மறு: மறு: [கலைச்சொல்] வைன், புரோட்டான் வகையறாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கதைக்கும்போது நாங்கள் 'புரோட்டான்ல போட்டனீங்களா?' என்றுதான் கேட்போம், அது மாறப்போவதில்லை. பொதுப்பெயர் தேவைப்படுவது எழுத்தில்தான், முக்கியமாக நிரலின் பட்டிகளில். அங்கே வைத்துச் சரிபார்த்தீங்களா? இன்னொன்று, விண்டோசிலேயே பழைய நிரல்களுக்காக இருக்கிற தெரிவை 'இணக்கப் பயன்முறை' என்றே விட்டுவிடுங்கோ. அது வேறு, இது வேறு என்று பெயரிலேயே தெரியட்டும்.

――――

மறு: மறு: மறு: மறு: [கலைச்சொல்] வைன், புரோட்டான் வகையறாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஐயா, கெடுதலை எடுத்துவிட்டேன். தோன்றலையும் பெட்டிக்குள் ஒரு வரியாகச் சேர்த்தாயிற்று, அந்த மடல் இனி வராது என்று நம்புகிறேன்.

தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. ஸ்டீமில் ஒரு விளையாட்டின் பண்புகளைத் திறந்தால் ஒரு குறிபெட்டி வரும். அதற்குத் தமிழ் எழுதிப் பார்த்தேன்:

'இந்த விளையாட்டுக்குக் குறிப்பிட்ட ஓர் உடம்படுத்தியையே பயன்படுத்து'

கீழே விரிபட்டியில் புரோட்டானின் பதிப்புகள் வரிசையாக வரும். என் அக்கா மகனிடம் காட்டினேன். பத்தாவது படிக்கிறான். படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வேறொரு பதிப்பைத் தேர்ந்தெடுத்தான். ஆட்டமும் ஓடியது. கையேட்டில் இதையே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த தலைவலி தயார். வைன் தன் டிரைவ்_சி, பதிவேடு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் அடைவை 'பிரிஃபிக்ஸ்' என்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் 'முன்னொட்டு' என்று இருக்கிறது. 'முன்னொட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்' என்று படித்தவர் எதை அழிப்பார் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.