இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே வீட்டில்: ஆரம்ப காலம் எப்படி இருந்தது?

பொங்கோல்வாசி:
வணக்கம். என் கணவர் தவறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மறுமணம் முடிவாகியிருக்கிறது. எனக்கு இரண்டு பையன்கள். அவரும் மனைவியை இழந்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள்; மூத்தவள் மட்டும் பெண், உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சிங்கப்பூரில் ஐந்தறை வீடு, அதாவது படுக்கையறை மூன்றுதான்; அதில் ஏழு பேர். பெரியவர்கள் யோசனை நிறையக் கேட்டாகிவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவர்கள் சொல்லுங்களேன், உங்களுக்கு எப்படி இருந்தது?

தோ பாயோ அண்ணன்:
தங்கச்சி, நான் அப்படி வளர்ந்தவன்தான். 1974இல் அப்பா மறுமணம் செய்தபோது எனக்கு எட்டு வயது. எங்கள் பக்கம் நான்கு, சின்னம்மா பக்கம் மூன்று, அப்புறம் தம்பி பிறந்து எட்டு. தோ பாயோவில் மூவறை வீடு, அதாவது படுக்கையறை இரண்டுதான். ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்று அரசாங்கம் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம். நாங்கள் மின்தூக்கியில் ஏறினால் பக்கத்து வீட்டார் தலைகளை எண்ணுவார்கள்.

அப்போது பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு நேரமாக நடந்தன. நானும் சின்னம்மாவின் நடுப்பையனும் மதியப் பள்ளி. மற்றவர்கள் இருட்டோடு கிளம்பிவிட்டால் வீட்டில் நாங்கள் இருவரும் சின்னம்மாவும் மட்டும். அவன் என்னோடு பேசவே மாட்டான். ‘பேசுங்கடா’ என்று சின்னம்மா ஒருநாளும் சொன்னதில்லை. காய்ந்த நெத்திலியை ஒரு தட்டில் கொட்டி எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போவார். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, கறுப்பை எடுத்துப் போட வேண்டும். உப்பு நகக்கண்ணில் ஏறி எரியும். யார் குவியல் பெரிது என்பதில்தான் முதல் பேச்சே வந்தது, சண்டையாக. இன்றைக்கும் எட்டுப் பேரில் நானும் அவனும்தான் தினமும் பேசிக்கொள்கிறோம். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராக ஏதாவது வேலை கொடுங்கள்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து. அவளிடம் இதெல்லாம் செல்லவில்லை. அம்மா போனபின் சமையலறையே அவள் பொறுப்பில் இருந்தது, திடீரென்று அது கைமாறியது. அம்மாவின் நினைவு நாளுக்கு என்ன படைப்பது என்று சின்னம்மா அவளிடம்தான் கேட்டார். அக்கா சொன்னபடியே மீன் குழம்பில் மாங்காய் போட்டார். மாங்காய் சேர்த்தால் சின்னம்மாவுக்கே பிடிக்காது. அன்று அக்கா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சின்னம்மாவின் முதல் கணவருக்கும் அதே கூடத்தில் வருடாவருடம் படையல் உண்டு, சூடம் ஏற்றுவது அப்பா. அதற்காகவே அப்பாவையும் சின்னம்மாவையும் நான் கும்பிடுகிறேன்.

இன்னொன்று. பள்ளியில் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வரும். ‘தம்பி என்கிறாய், அப்பா பெயர் வேறாக இருக்கிறதே?’ என்று ஓர் ஆசிரியர் வகுப்பு முன்னால் கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வதென்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஈசூன் மல்லிகை:
எனக்குக் கசப்பான நினைவுதான் அதிகம். அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு மறுமணம் செய்தார். முதல் தீபாவளிக்கு அந்த வீட்டுப் பாட்டி தன் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் பட்டுப்பாவாடை எடுத்து வந்தார். நாங்கள் பழைய கவுனோடு வரிசையில் நின்று காலில் விழுந்தோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியிடமும் இப்போதே பேசிவிடுங்க சிஸ்டர். அப்புறம், மூத்தவளுக்கு அடுத்த வருடம் பெரிய தேர்வு. அவள் அறையில் யாரையும் சேர்க்காதீங்க.

பொங்கோல்வாசி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. அறை அவளுக்குத்தான், பையன்கள் நாலு பேருக்கும் ஈரடுக்குக் கட்டில் இரண்டு போடப் போகிறோம். அண்ணே, என் கணவரின் நினைவு நாள் செப்டம்பரில் வருகிறது. புது வீட்டில் படைக்கலாமா என்று இவரிடம் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். இன்று இரவு கேட்கிறேன்.

தோ பாயோ அண்ணன்:
கேளுங்க. அவர் மனைவியின் நாள் எப்போது என்றும் கையோடு கேட்டுவிடுங்க.