பம்ப்செட் பழுதுக்குத் தமிழில் ஒரு கேள்வி-பதில் தளம்: எது காப்பாற்றும், எது கவிழ்க்கும்?

காயில்கட்டி (கேள்வி)

வணக்கம். மோட்டார் ரீவைண்டிங் (காயில் மறுபடி சுற்றுவது), போர்வெல் பம்ப், பேனல் போர்டு (மோட்டாரின் சுவிட்ச் பெட்டி) வேலை செய்பவர்கள் 400 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள் அதிகம். "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது" என்ற கேள்வி வாரத்துக்கு மூன்று தடவை வருகிறது. மூன்று தடவையும் நல்ல பதிலும் வருகிறது. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். கூகுளில் தேடுகிறவனுக்கு அந்தப் பதில் கிடைக்க வழியே இல்லை.

இதைத் தனித் தளமாக்கலாம் என்று யோசனை. மென்பொருள் காசு கொடுத்தால் கிடைத்துவிடும், அதில் குழப்பம் இல்லை. திறந்த அன்றைக்கே கடை காலியாகத் தெரிந்தால் வந்தவன் திரும்ப வர மாட்டான், அதை எப்படித் தவிர்ப்பது? மெக்கானிக்குகளுக்கு மட்டுமா, விவசாயிகளையும் உள்ளே விடலாமா? ஆரம்பிக்கிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கணும், எதுவரைக்கும்? ஜெயித்தது, கவிழ்ந்தது இரண்டிலும் உதாரணம் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வரப்பு

முதல் கேள்விக்கு நல்ல சான்று இருக்கிறது நண்பரே. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008 செப்டம்பரில் திறந்தது. அது நன்றாக ஓடியதும், 2009இல் அதே மென்பொருளை மாதம் 129 டாலருக்கு யார் கேட்டாலும் வாடகைக்கு விட்டார்கள். அப்படித் திறந்த தளங்களில் பெரும்பாலானவை ஆளில்லா ஊராகப் போயின. புள்ளி, பதக்கம், ஓட்டு எல்லாம் அச்சு அசலாக அதேதான். ஆனால் முதல் தளத்தை ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் திறந்தபோது, அவர்கள் எழுத்தைப் பல வருடமாக வாசித்துவந்த புரோகிராமர் கூட்டம் வாசலில் காத்து நின்றது. வாடகைக்கு எடுத்தவர்களுக்கு அந்தக் கூட்டம் இல்லை.

2010இல் வாடகைத் திட்டத்தைக் கைவிட்டு, ஏரியா 51 என்று ஒரு முன்வாசல் கட்டினார்கள். புதுத் தலைப்பு வேண்டுமென்றால் முதலில் மாதிரிக் கேள்விகள் எழுத வேண்டும். பிறகு "நான் வந்து கேட்பேன், பதில் சொல்வேன்" என்று போதுமான ஆட்கள் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனைத் தளம். சோதனைக் காலத்தில் அவர்கள் பார்த்த அளவுகள்: நாளைக்கு 15 கேள்வி, 90 சதவீதக் கேள்விக்குப் பதில், கேள்விக்குச் சராசரி 2.5 பதில் இருந்தால் நலம். பதில் கிடைத்தவை 80 சதவீதம், கேள்விக்கு ஒரே பதில் என்று இறங்கினால் உடம்பு சரியில்லை. உங்களுக்கு 15 கேள்வி தேவையில்லை, நாளைக்கு இரண்டு வந்தாலே போதும். 90 சதவீதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆறு கேள்வி பதிலில்லாமல் முகப்பில் நின்றால், ஏழாவது ஆள் கேட்காமலே போய்விடுவான்.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்தினால்:

குழுவில் பழைய உரையாடலைத் தோண்டி, அடிக்கடி வரும் 60 கேள்விகளை எடுங்கள். பதில் சொன்னவரிடம் கேட்டு, அவர் பெயரிலேயே, அவரையே எழுத வையுங்கள். எழுதத் தயங்குகிறவர்தான் அதிகம் இருப்பார். அவர் குரல்பதிவு அனுப்பட்டும், நீங்கள் தட்டச்சு செய்து அவரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்கள். இது சலிப்பான வேலை, கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும். வெட்டி ஒட்டுவது வேண்டாம். குழுவில் பாதிப் பதில், முன்னால் வந்த போட்டோவைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும், தனியாக எடுத்தால் அர்த்தமே வராது.

தலைப்பு, தேடுகிறவன் வாயில் வருகிற மாதிரி இருக்கட்டும். "ஒருமுனை மின்னோடியின் தொடக்கக் கோளாறு" என்று எந்த மெக்கானிக்கும் தேட மாட்டான். "மோட்டார் உறுமுது, சுத்தல" என்பதே தலைப்பு.

கேள்விப் படிவத்தில் கட்டாயக் கட்டங்கள் வையுங்கள்: எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா திரீ ஃபேஸா, போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குது, ஓடும்போது வோல்ட் எவ்வளவு, ஆம்ப்ஸ் எவ்வளவு, கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட். இவை இல்லாத கேள்விக்கு வரும் முதல் ஐந்து பதிலும் எதிர்க்கேள்வியாகவே இருக்கும். கேட்டவன் அதற்குள் போய்விடுவான். "தெரியாது" என்று நிரப்பவும் இடம் விடுங்கள்.

பிரிவுகள் வேண்டாம். சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஜெட், சோலார், ஸ்டார்ட்டர் என்று பன்னிரண்டு அறை கட்டினால் பத்து அறை காலியாகத் தெரியும். ஒரே பட்டியலும் குறிச்சொற்களும் போதும். ஏதாவது ஒரு குறிச்சொல்லில் 100 கேள்வி சேரும்போது அறை கட்டிக்கொள்ளலாம்.

இணைப்புகளைப் பகிர்ந்து பேசும் தளமான ரெட்டிட் 2005இல் தொடங்கியபோது நிறுவனர்களே நிறையப் பொய்ப் பெயர்களில் பதிவு போட்டு ஊர் கலகலப்பாக இருப்பதாகக் காட்டினார்கள், பின்னால் அவர்களே சொன்னதுதான். முகம் தெரியாத கூட்டத்தில் அது நடந்தது. ஒருவரையொருவர் கடையில் பார்த்துக்கொள்கிற 400 பேரிடம் நடக்காது, ஒரே வாரத்தில் மானம் போகும்.

பதிவுகளுக்கு முன் அனுமதி வைக்கவே வைக்காதீர்கள். விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸ், அதற்கு முன்னால் 2000இல் நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கினார். நிபுணர்கள் எழுத, ஏழு கட்டப் பரிசீலனை. ஓராண்டில் இரண்டு டஜன் கட்டுரை தேறவில்லை. 2001 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பக்கத்திலேயே திறந்த விக்கிப்பீடியா அந்த வருடக் கடைசிக்குள் 20,000 கட்டுரைக்குப் பக்கம் போனது.

---

சுண்ணாம்புக்கல்

வரப்பு சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கவில்லை. கலைக்களஞ்சியத்தில் தப்பு வந்தால் நாளைக்குத் திருத்தலாம். இங்கே கரண்ட். பேனலைத் திறக்கச் சொல்லும் ஒரு பதிலில் "மெயினை அணை, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணு" என்ற வரி இல்லையென்றால், படித்துவிட்டுக் கை வைக்கப்போவது ஒரு விவசாயி. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் முன் அனுமதி வேண்டாம், சரி. "பேனல்", "ஸ்டார்ட்டர்", "வயரிங்" குறிச்சொல் விழுந்த பதில் மட்டும், புது ஆள் எழுதியதாக இருந்தால், மூத்தவர் ஒருவர் பார்க்கும்வரை தலையில் சிவப்புப் பட்டையோடு நிற்கட்டும். மறைக்க வேண்டியதில்லை.

உரிமையை ஏணி மாதிரி கொடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 15 புள்ளி வந்தால் ஆதரவு ஓட்டு, 50 வந்தால் எங்கும் பின்னூட்டம், 125 வந்தால் எதிர் ஓட்டு, 2,000 வந்தால் பிறர் எழுத்தைத் திருத்தலாம், 3,000 வந்தால் கேள்வியை மூட ஓட்டுப்போடலாம். எதிர் ஓட்டு ஆதரவு ஓட்டுக்கு எவ்வளவு பின்னால் வருகிறது பாருங்கள். புதிதாக வந்தவன் கையில் முதலில் அடிக்கிற கம்பைக் கொடுக்கவில்லை. 400 பேருக்கு இந்த எண்கள் மிக அதிகம், பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

ஆனால் ஏணிக்கு ஒரு நோய் உண்டு. மேலே ஏறியவர்களுக்குப் பழைய கேள்வி சலித்துவிடும். "முன்னாலேயே கேட்டாச்சு" என்று மூடுவதே அவர்கள் வேலையாகிவிடும், கேட்டவன் அடிபட்ட மாதிரி போவான். மூடுகிறவர் எந்தப் பழைய பதில் பொருந்தும் என்று இணைப்புக் கொடுக்காமல் மூட முடியாதபடி செய்துவிடுங்கள்.

ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தி விவாதத் தளம் செய்த ஒரு காரியத்தையும் திருடலாம். சாதாரண உறுப்பினருக்கே அவ்வப்போது ஐந்து மதிப்பீட்டுப் புள்ளி கொடுப்பார்கள். மூன்று நாளில் செலவழிக்கவில்லையென்றால் காலாவதி. பேசுகிற விவாதத்திலேயே மதிப்பிட முடியாது. நாட்டாமை யாருக்கும் நிரந்தரமில்லை.

விவசாயிகளை விடுங்கள். கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். மெக்கானிக் மட்டும் இருந்தால் ஒருவர் முன்னால் ஒருவர் "எனக்குத் தெரியலை" என்று கேட்கக் கூச்சப்படுவார்கள், மூன்றாம் மாதம் ஊற்று வற்றிவிடும். ஆனால் கூலி, ரீவைண்டிங் ரேட், கம்பி விலை பேசுவதற்கு மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரியும் ஒரு உள்ளறை வேண்டும். அது இல்லையென்றால் அவர்கள் வாட்ஸ்அப்பை விட்டு நகரவே மாட்டார்கள்.

---

காயில்கட்டி

மிக்க நன்றி, இருவருக்கும். சிவப்புப் பட்டை யோசனை பிடித்திருக்கிறது. இன்னொரு தலைவலி: டீலர்கள். எந்தக் கேள்வி வந்தாலும் "எங்க கம்பெனி மோட்டார் போடுங்க சார்" என்று போன் நம்பர் போடுகிறார்கள். சேரக் கட்டணம் வைத்தால் நிற்குமா? அப்புறம் அதிகாரம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

நடுகல்

கட்டணம் பற்றி: மெட்டாஃபில்டர் என்ற விவாதத் தளம் 2004 நவம்பரிலிருந்து புதிதாகச் சேர 5 டாலர் வாங்கியது. வாழ்நாளுக்கு ஒரே தடவை. வருமானத்தைவிட அது வடிகட்டியாகப் பயன்பட்டது: துரத்தப்பட்டவன் திரும்ப வர மறுபடி காசு கட்ட வேண்டும். ஆனால் அது திறந்தது 1999இல். ஐந்து வருடம் கூட்டம் சேர்ந்த பிறகு வைத்த கதவு அது. காலி ஊருக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். டீலருக்கு மட்டும் தனிக் கணக்கு கொடுங்கள்: பெயருக்குப் பக்கத்தில் "விற்பனையாளர்" என்று தெரியட்டும், பதிலில் போன் நம்பர் போட்டால் தானாக நீங்கட்டும், நம்பர் அவர் சுயவிவரப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். நல்ல பதில் சொல்கிற டீலரின் பக்கத்துக்கு ஆட்கள் தாமாகவே போவார்கள். ஒரு எச்சரிக்கை: தளச் செலவுக்கு ஒரே டீலரிடம் விளம்பரம் வாங்காதீர்கள். அவர் மோட்டாரைக் குறை சொல்லும் பதிலை நீங்கள் நீக்கினாலும் பேச்சு வரும், நீக்காவிட்டாலும் வரும்.

காசுப் பேச்சு ஒரு சமூகத்தை எப்படி உடைக்கும் என்பதற்கு ஸ்பானிய விக்கிப்பீடியா. 2002 பிப்ரவரியில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்தவுடனே அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதியினர் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போனார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. விளம்பரம் வரவேயில்லை, பேச்சுக்கே அந்த விளைவு. அதே ஆண்டு விக்கிப்பீடியா டாட் காமிலிருந்து டாட் ஆர்குக்கு மாறியது, 2003 ஜூனில் அதை நடத்த லாபநோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை வந்தது. பிரிந்துபோகும் வழி திறந்திருந்ததால்தான் தலைமை காது கொடுத்தது என்பது என் கணிப்பு. நீங்களும் முதல் நாளே இரண்டைச் செய்யுங்கள்: பதில்களுக்குப் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், மாதம் ஒரு முறை எல்லாக் கேள்வி-பதிலும் (போன் எண், மின்னஞ்சல் நீங்கலாக) பதிவிறக்கக் கோப்பாக.

இதற்கு எதிர்த்திசையில் போனது டிக், வாசகர் ஓட்டால் செய்திகள் முகப்புக்கு ஏறும் தளம். 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பயனர்கள் பதிவைக் கீழே தள்ளும் பொத்தான் போனது, பதிப்பாளர்கள் தங்கள் செய்திகளைத் தானியங்கியாக ஏற்ற வழி வந்தது. முகப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை யார் கையில் இருந்ததோ அவர்களிடம் கேட்காமல் பிடுங்கினால் என்ன ஆகும்? கோபத்தில் டிக் முகப்பையே ரெட்டிட் இணைப்புகளால் நிரப்பிவிட்டு அங்கேயே குடிபோனார்கள். 2012இல் தளம் சொற்ப விலைக்குப் போனது.

இப்போது உங்கள் கேள்வி. முதல் ஆறு மாதம் முழு அதிகாரமும் உங்களிடம் இருக்கட்டும், பொதுக்குழு போட்டுப் பேச அப்போது நேரமில்லை. ஆனால் எதை நீக்கினாலும் ஏன் என்று ஒரு வரி பொதுப் பதிவேட்டில் போடுங்கள். அந்த வரிகள்தான் பின்னால் விதிமுறையாகும். முன்கூட்டியே நாற்பது விதி எழுதுகிறவர்கள், நடக்காத தகராறுக்குப் பந்தல் போடுகிறார்கள்.

நிர்வாகத்தில் தேர்ந்தவர் வேறு, தொடங்கியவர் வேறு என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரி விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட்டைத் தொடங்கிய கிரெய்க் நியூமார்க், 2000இல் ஜிம் பக்மாஸ்டரிடம் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் உட்கார்ந்தார். பைதான் என்ற கணினி நிரல் மொழியில் கைமாற்றம் தாமதமாக வந்தது. ஒரு சிறு இலக்கணச் சேர்க்கை மீதான சண்டையில் களைத்து, அந்த மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் 2018 ஜூலையில் "இனி நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று விலகினார். யாரிடம், எப்படி என்று அப்போது ஏற்பாடு எதுவும் இல்லை. பல மாதம் விவாதித்து, அடுத்த ஆண்டு ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்து ஆட்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. பின்னால் நீங்கள் அமைக்கும் நிர்வாகக் குழுவுக்கும் அதே விதியை வேறு மாதிரி வையுங்கள்: ஐந்து பேரில் ஒரே ஊர்க்காரர், ஒரே கம்பெனி சர்வீஸ் சென்டர்க்காரர் இருவருக்கு மேல் வேண்டாம்.

பெயர் போடுவதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். தமிழ் நூல்களை இலவச மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998இலிருந்து தன்னார்வலர்களைக் கொண்டே ஓடுகிறது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பகுதியிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று இருக்கும். அந்தத் தலைப்பகுதியை நீக்காமல்தான் கோப்பைப் பகிர வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். குரல்பதிவில் பதில் சொன்ன உங்கள் மெக்கானிக்குக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்: பெயர், ஊர், எத்தனை வருட வேலை.

---

வரப்பு

சுண்ணாம்புக்கல் சொன்ன திருத்தம் நியாயம், ஏற்றுக்கொள்கிறேன்.

மென்பொருள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. டிஸ்கோர்ஸ் என்ற விவாத மன்ற மென்பொருள் போட்டால் 2 ஜி.பி. ராம் உள்ள சர்வர் தாராளம். ஆட்கள் மாட்டிக்கொள்வது மின்னஞ்சலில். பல கிளவுட் நிறுவனங்கள், மின்னஞ்சல் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டை மூடி வைத்திருப்பார்கள். கடிதம் உண்மையிலேயே உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் சரியாகப் போடவில்லையென்றால் உறுதிப்படுத்தும் கடிதம் ஸ்பாமுக்குப் போகும், சேர வந்தவன் "வரல" என்று போய்விடுவான். உங்கள் ஆட்களில் பலர் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே அபூர்வம். கூகுள் கணக்கில் ஒரே தட்டலில் நுழையும் வசதியைத் திறக்கும் முன்பே வையுங்கள்.

டொமைன் பெயர், பேக்கப், சர்வர் கடவுச்சொல் இந்த மூன்றும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். பேக்கப் எடுத்தால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறு கணினியில் அதை மீட்டுப் பாருங்கள். சட்டப்படி குறைதீர்க்கும் அலுவலர் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் தெரிய வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டோம் என்று பதில் போக வேண்டும். அதற்கு உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு "மோட்டார் ஓடல" என்று அதிலும் கூப்பிடுவார்கள்.