டைம்ஸ் மறுப்பு போட்டதோடு கணக்கு தீர்ந்ததா?

கதிரவன்:
யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற நூல் போலி என்று அம்பலப்படுத்தியவரே ஒரு நிருபர்தான். 1921 ஆகஸ்டில் லண்டன் டைம்ஸின் பிலிப் கிரேவ்ஸ், 1864இல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் தம் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சாடி எழுதிய நூலிலிருந்து அது திருடப்பட்டது என்று வரிக்கு வரி காட்டினார். பிறகு ஏன், செந்தாமரை, அதைப் பரப்பியது பத்திரிகைக்காரர்கள்தான் என்று அவர்களையே திட்டுகிறீர்கள்?

செந்தாமரை:
அண்ணா, அதே டைம்ஸ்தானே 1920 மே மாதம் 'யூத அபாயம்' என்று தலைப்புப் போட்டு, இது நிஜமாக இருக்குமோ, விசாரிக்க வேண்டும் என்று எழுதியது? அதற்கும் மறுப்புக்கும் நடுவே பதினைந்து மாதம். அதே மே மாதம் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் டியர்போர்ன் இண்டிபெண்டன்ட் பத்திரிகை தொடங்கிய யூத வெறுப்புத் தொடர் 91 வாரம் ஓடியது.

கதிரவன்:
ஃபோர்டு கார் முதலாளி, அவரை விடுங்கள். டைம்ஸ் கேள்விதான் கேட்டது. ஜோலியின் நூல் கைக்கு வராதபோது யாருக்கு என்ன தெரியும்?

செந்தாமரை:
ஃபோர்டின் தாளை நடத்திய வில்லியம் கேமரன் பத்திரிகைக்காரர்தான். 1903இல் ரஷ்யாவில் இதை முதலில் அச்சிட்ட க்ருஷெவானும் அப்படியே. அந்த ஆண்டுதான் அவருடைய இன்னொரு பத்திரிகை தூண்டிவிட்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தெரியாது என்கிறீர்களே, லூசியன் வுல்ஃப் என்ற லண்டன் யூதப் பத்திரிகையாளர் 1920இலேயே இது போலி என்று எழுதிவிட்டார். யூதர் சொன்னால் எடுபடவில்லை, கிரேவ்ஸ் சொன்னால் எடுபட்டது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

நூலகத்துப் பூனை:
ஒரு வரி சொல்கிறேன். பத்திரிகைகளை விஷ்ணுவைப் போல் நூறு கைகளோடு ஆட்டிவைப்போம் என்று அந்தப் போலி நூலில் வரும் 'மூப்பர்கள்' பேசுகிறார்கள். ஜோலியிடமும் அதே விஷ்ணு, அதே நூறு கை. நம் கோயில்களில் பெருமாளுக்கு நாலு கைதான் பார்த்திருக்கிறோம். நூறு கை என்ற பிழையைக்கூட அப்படியே எடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், ஜோலி அதைச் சொன்னது பிரெஞ்சுப் பேரரசர் பத்திரிகைகளை அடக்கியதைப் பற்றி. யூதர் தலையில் கட்டியது பின்னால் வந்தவர்கள்.

கதிரவன்:
வுல்ஃப் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தன் பத்திரிகை கிளப்பியதையே உடைத்த கிரேவ்ஸை மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த மாட்டேன்.

செந்தாமரை:
நானும் நிறுத்தவில்லை அண்ணா. என் கோபம் மே மாதத் தலைப்பை அச்சுக்கு அனுப்பியவர்கள் மேல். ஃபோர்டு 1927இல் வழக்குக்குப் பயந்து மன்னிப்புக் கேட்டு, பத்திரிகையையும் மூடினார். அதற்குள் அந்தக் கட்டுரைகள் ஜெர்மன் மொழியில் புத்தகமாக விற்றுக்கொண்டிருந்தன.